மேல்வீட்டுச் சத்தம்

சின்ன காஞ்சிபுரம்
20.10.2024

ஜோதிகாவுக்கு,

பெரியநாயகி எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்டால், இவங்களுக்கு இன்னா திடீர் அக்கறை என்று நீ உதட்டைச் சுழிப்பாய். அதனால் கேட்கவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உன் வீட்டுக்காரர் கமல் தம்பி கேட்டார். என் போனில் உன் நம்பரை ஆடி மாசமே பிளாக் பண்ணியாகிவிட்டது. நீயும் அதைத்தான் செய்திருப்பாய். அதை எடுத்துவிட்டாலும் என்னால் பேச முடியாது. சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை வந்தால் இருமல் பிடித்துக்கொள்கிறது. பொங்கல் வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் என்னைக் கட்டிய உன் மூத்தாரால் முடியாததை அந்தப் புகை செய்துவிட்டது என்று எதிர்வீட்டு அன்னம்மாள் சொல்லிச் சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும். அண்ணன் பெண்டாட்டி கீழே, தம்பி பெண்டாட்டி மேலே என்று ஒரே வீட்டில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, இப்போது கமல் தம்பி கையில் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது. படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

மாமா வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். வந்தார் என்றுதான் பேர். மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்தே இருக்கிறார். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. கரண்ட் போனால் போடுவதற்குச் சின்ன சிலிண்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். எனக்கே மூச்சு வாங்குகிறது. யாரிடம் சொல்ல.

அன்றைக்கு நீ மேலே இருந்துகொண்டு செய்ததை நான் எங்கேயும் போய்ச் சொல்லவில்லை. தெருவே கேட்டது, நான் சொல்ல என்ன இருக்கிறது. ஆனாலும் உனக்கு மறந்து போயிருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை, பின்தெருப் பழைய இரும்புக் கடைக்காரன் எங்கிருந்தோ வந்த குளோரின் சிலிண்டரை வெட்டப் போய், காற்று பீறிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மைக் வண்டி வந்தது. யாரும் வெளியே வராதீர்கள், கதவு ஜன்னலைச் சாத்துங்கள், சந்து இடுக்கில் ஈரத்துணி வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே போனது. உன் மூத்தார் நெய்த சேலையைக் கொடுக்கப் பெரிய காஞ்சிபுரம் போயிருந்தார். வீட்டில் நானும் மாமாவும்தான். இடி, மின்னல், புயல் எது வந்தாலும் இந்த வீட்டில் தறி வீட்டுக்குள் போய் உட்காருவதுதான் பழக்கம். பட்டுக்குத் தூசியும் காற்றும் ஆகாது என்று அந்த அறையை அப்படி அடைத்துக் கட்டியிருக்கிறது. மாமாவை அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில், தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்தேன். பழைய புடவையை நனைத்துக் கதவிடுக்கெல்லாம் திணித்தேன். பின்சுவரில் தரையோடு தரையாகத் தண்ணீர் போகிற ஓட்டை ஒன்று இருக்கிறது. அது எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் நீ ஆரம்பித்தாய். தலைக்கு மேலே டம் டம் என்று ஒரே இடி. ஊரே மூச்சு விட முடியாமல் கிடக்கிறது, இவளுக்கு இன்றைக்குமா ஆத்திரம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா இருமிக்கொண்டே இரண்டு தடவை மேலே கையைக் காட்டினார். "உங்க சின்ன மருமவ ஆட்டம் போடறா, நீங்க வாய மூடிக்கினு இருங்க" என்றேன். நீ நிறுத்தவே இல்லை. மேலே பூச்சு உதிர்ந்து தறியிலிருந்த பாவு நூலில் கொட்டியது. தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்து எங்களைத் தூக்கும்போது மாமாவுக்கு நினைவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். மாமா பொன்னியைக் கேட்கிறார். பேச முடியாதபோதும் கையை முழங்கால் உயரத்துக்குக் காட்டிக் கேட்கிறார். நீ வர வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையை மட்டும் கமல் தம்பியோடு அனுப்பு.

பெரியநாயகி

*

திருப்பருத்திக்குன்றம்
27.10.2024

அக்காவுக்கு,

லெட்டர் கிடைத்தது. கிழித்துப் போடச் சொல்லியிருந்தீர்கள். கிழிக்கவில்லை. நாளைக்கு, நான் அப்படி எழுதவே இல்லை என்பீர்கள்.

உங்களுக்குப் பேச்சு வரவில்லை என்று இவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்கு, "நீங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்குங்கபா, நான் நடுவுல வர மாட்டேன்" என்கிறார். நடுவில் வராத மனுஷன் லீவு நாளில் பைக்கில் லெட்டர் தூக்கிக்கொண்டு அலைகிறார். உங்கள் நிலைமையைக் கேட்டு வருத்தமாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லவில்லை. ஆனால் வருத்தம் வேறு, கோபம் வேறு.

நான் எதற்கு இடித்தேன் என்று உங்கள் வீட்டில் ஒருத்தராவது கேட்டீர்களா? ஆஸ்பத்திரி வராண்டாவில் உங்கள் வீட்டுக்காரர் அத்தனை ஜனத்துக்கு நடுவில் என்னை நிற்க வைத்துக் கேட்டார். "கீழ எங்கப்பா சாவக் கெடக்கறாரு, மேல நீ இன்னாத்துக்கு ஆடிக்கினு இருந்த?" நான் வாயைத் திறப்பதற்குள் "போதும், போம்மா" என்றார். இடுப்பில் பொன்னி அழுதுகொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே நாலு துணியை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இவரும் கம்பெனியிலிருந்து நேராக இங்கேதான் வந்தார். அங்கே இருந்து நான் என்ன செய்ய.

இப்போது சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் தறி வீட்டுக்குள் போய் அடைத்துக்கொண்ட பிறகு மைக் வண்டி மறுபடியும் வந்தது. "இந்தக் காத்து கனமான காத்து, கீழதான் தங்கும், பள்ளத்துல போய் ஒளியாதீங்க, மாடி இருக்கறவங்க உடனே மாடிக்குப் போங்க" என்று கத்திக்கொண்டு போனார்கள். உங்கள் காதில் விழவில்லை. அவ்வளவு நன்றாக அடைத்துக்கொண்டீர்கள். நீங்கள் எங்கே போய் உட்காருவீர்கள் என்று எனக்குத் தெரியாதா? இந்த வீட்டிலேயே பள்ளமான இடம் அதுதான். உங்களுக்குப் போன் அடித்தேன், போகவில்லை. இவருக்கு அடித்தேன், கம்பெனியில் ஷிப்ட் முடிகிற வரை போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கு அடித்தேன், என் நம்பர் என்றால் அவர் என்றைக்கு எடுத்தார். ஜன்னல் ஓரம் நின்று கத்தினேன். கத்தக் கத்தத் தொண்டை எரிந்தது, மூடிவிட்டேன். அதற்கப்புறம் எனக்கு என்ன வழி இருந்தது? தரை ஒன்றுதான் இருந்தது. உங்களைக் கூப்பிட்டேன் அக்கா. கூப்பிடத்தான் இடித்தேன்.

நீங்கள் நம்பமாட்டீர்கள். பொன்னி மேலே இரண்டு அடி ஓடினால் போதும், பாவில் தூசி விழுகிறது, நூல் அறுந்து போகிறது என்று கம்பை எடுத்துக் கூரையில் தட்டுவீர்கள். ஆடி மாசம் ஒருநாள் எனக்கும் பொறுக்காமல் நாற்காலியைத் தூக்கித் தரையில் நாலு தட்டுத் தட்டினேன். அதற்குப் படியேறி வந்து, "பெத்தவ வளத்த லட்சணம்" என்று எங்கள் அம்மாவை இழுத்துப் பேசினீர்கள். அன்றையிலிருந்து மேலே எது விழுந்தாலும் உங்களுக்கு அது என் திமிர்தான்.

பொன்னியை அனுப்ப மாட்டேன். அம்மா இல்லாமல் குழந்தை மட்டும் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது? மாமாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். தீபாவளிக்கு அவருக்குப் பிடித்த ரவா லட்டு இவரிடம் கொடுத்தனுப்புகிறேன். சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜோதிகா

*

சின்ன காஞ்சிபுரம்
3.11.2024

ஜோதிகாவுக்கு,

லட்டு வந்தது. மாமா அரை லட்டு சாப்பிட்டார். மீதியை உன் மூத்தார், யார் கொடுத்தது என்று கேட்காமலே தின்று தீர்த்தார். நானும் சொல்லவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், தலைமேல் இடித்தால் மேலே வா என்று அர்த்தம் என்பது எந்த ஊரில் இருக்கிறது? ஆடி மாசம் நீ இடித்ததற்கு என்ன அர்த்தமோ அதுதான் எனக்குத் தெரிந்தது. மைக் வண்டி இரண்டாவது தடவை வந்தது வாஸ்தவம்தான், அன்னம்மாளும் சொன்னாள். வண்டி வந்ததால் நீ இடித்தாய் என்று ஆகிவிடாது. இத்தனை நாள் கழித்து யோசித்து எழுதுகிறவர்கள் எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

சரி, நீ சொல்வதே நிஜம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒன்று கேட்கிறேன். படி இறங்கி வந்து கதவைத் தட்டியிருக்கலாமே? அந்தப் படிக்கட்டு என்ன மலையா? மாமா உன்னை ஒரு நாளாவது ஒரு சொல் சொன்னதுண்டா? நமக்குள் நடந்த சண்டையில் அவர் என்ன செய்தார்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அப்புறம் மற்றதைப் பேசு.

எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. தறி அப்படியே நிற்கிறது. மிதியை நாலு தடவை மிதித்தால் மார் அடைக்கிறது. உன் மூத்தார் தனியாக உட்கார்ந்து நெய்கிறார், ஓரக் கரை போட்டுக் கொடுக்க ஆள் இல்லாமல் வேலை இழுக்கிறது. ராத்திரி இருமலில் எனக்கும் மாமாவுக்கும் போட்டி. அவர் நிறுத்தினால் நான், நான் நிறுத்தினால் அவர். உன் மூத்தார் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுகிறார்.

நீ ஒரகடத்தில் வீடு பார்க்கச் சொல்லியிருக்கிறாயாம். கமல் தம்பி வாய் தவறி அப்பாவிடம் சொல்லிவிட்டார். மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை. உன் மூத்தார், போனால் போகட்டும், வீட்டைப் பிரித்து எழுதிக்கொண்டு ஒரேயடியாகப் போகட்டும் என்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை. டாக்டர்தான் பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே.

பெரியநாயகி

*

திருப்பருத்திக்குன்றம்
10.11.2024

அக்காவுக்கு,

படி இறங்கி வந்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை. தினமும் நானே கேட்டுக்கொள்கிறேன்.

வந்தேன். டவலை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, பொன்னியைக் கட்டிலில் உட்கார வைத்து, அசையாதே என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினேன். பாதிப் படி வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதற்குக் கீழே மஞ்சளும் பச்சையுமாகப் படிந்து நின்றது. ஒரே ஒரு மூச்சுதான் இழுத்தேன். நெஞ்சுக்குள் தீயை வைத்த மாதிரி இருந்தது, கண் தெரியவில்லை. மேலே பொன்னி கதவுக்கு வந்து "அம்மா" என்று கத்தினாள். நான் விழுந்தால் அவள் என்னைத் தேடிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வருவாள். அக்கா, இரண்டு வயசுக் குழந்தை. நான் திரும்பிவிட்டேன்.

இதைக் கோழைத்தனம் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள். கீழே மாமா, மேலே என் குழந்தை. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். கதவைச் சாத்தி, துணி வைத்து, அதற்கப்புறம்தான் இடிக்க ஆரம்பித்தேன். கை சோர்ந்து போகும் வரைக்கும் இடித்தேன். பதிலுக்கு ஒரு சத்தமும் வரவில்லை. எப்போதும் கம்பால் திருப்பித் தட்டுவீர்களே, அன்றைக்கு அதுகூட வரவில்லை. செத்துப் போய்விட்டீர்கள் என்றுதான் நினைத்தேன்.

இதையெல்லாம் நிரூபிக்கச் சொல்லாதீர்கள். நிரூபித்துத்தான் நீங்கள் நம்ப வேண்டும் என்றால் அந்த நம்பிக்கை எனக்கு வேண்டாம். எனக்கும் களைப்பாக இருக்கிறது. இங்கே அம்மா வீட்டில் தம்பி, தம்பி பெண்டாட்டி, அவர்கள் குழந்தைகள். வந்த புதிதில் "இருமா, உன் வீடுதான்" என்றார்கள். இப்போது நான் பாத்திரம் துலக்கினால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. கடைக்குப் போனால்கூடச் சின்ன காஞ்சிபுரத்துக் கதை எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. "கீழ மூச்சு முட்டிக்கினு கெடந்தாங்களாமே, நீ மேல குதிச்சிக்கினு இருந்தியாமே" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். அதனால்தான் ஒரகடம். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. தை பிறந்ததும் போய்விடுவோம். வீட்டைப் பிரிப்பது பிரிக்காதது அண்ணன் தம்பி பாடு, அதில் எனக்கு ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் இருக்கிறது. பெரியவளாகி ஒருநாள் பொன்னி என்னிடம் வந்து, தாத்தா செத்துக்கொண்டிருந்தபோது நீ குதித்தாயா அம்மா என்று கேட்பாள். யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதற்கு நான் என்ன சொல்வேன்?

ஜோதிகா

*

சின்ன காஞ்சிபுரம்
24.11.2024

ஜோதிகாவுக்கு,

போன வாரம் கமல் தம்பியை வெறுங்கையோடு அனுப்பினேன். எழுத உட்கார்ந்தேன், வரவில்லை.

நீ எழுதியதை நான் பொய் என்று சொல்லவில்லை. நிஜம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. நிஜம் என்று ஒப்புக்கொண்டால், அந்த அறைக்குள் மாமாவைப் பிடித்து உட்கார வைத்தது யார் என்று ஆகிவிடும். உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

மாமாவுக்கு இந்த வாரம் காலில் வீக்கம். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. போகிறதென்று முடிவு செய்துவிட்டால் போங்கள். போவதற்குள் ஒரு தடவை குழந்தையை அவர் கண்ணில் காட்டிவிட்டுப் போங்கள். நீயும் கூட வரலாம். நான் அடுப்படியில் இருந்துகொள்கிறேன்.

பெரியநாயகி

*

திருப்பருத்திக்குன்றம்
27.11.2024

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். இவர் நைட் ஷிப்டுக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போவார்.

வெள்ளி சனி பெரிய மழை, புயல் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்கூலுக்கெல்லாம் லீவு விடப்போகிறார்களாம், வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள் என்கிறார்கள். தயவுசெய்து மறுபடியும் தறி வீட்டுக்குள் போய் உட்காராதீர்கள். மழை பெய்தால் முதலில் தண்ணீர் ஊறுவது அந்தக் குழியில்தான். மாமாவின் மெஷின் வயரெல்லாம் தரையில் கிடக்கும்.

மேல்வீட்டுச் சாவி அன்னம்மாள் அக்கா கடையில் இருக்கிறது. கிளம்பின அன்றைக்கே கொடுத்துவிட்டு வந்தேன். யாராவது கேட்டால் கொடுங்கள் என்று சொல்லியிருந்தேன். இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை. மாமாவை மேலே கொண்டுபோய்விடுங்கள். பிளக் பாயிண்ட் எல்லாம் உயரத்தில்தான் இருக்கிறது. அரிசி, பருப்பு டப்பாவில் இருக்கும், வண்டு வந்திருந்தால் சலித்துக்கொள்ளுங்கள்.

நான் கிளம்பும்போது எதையும் பெருக்கவில்லை, அப்படியே போட்டுவிட்டு வந்தேன். செருப்பு போட்டுக்கொண்டு நடங்கள். மாமாவை வெறுங்காலோடு தரையில் இறக்காதீர்கள்.

இது உங்களுக்காக இல்லை, மாமாவுக்காக.

ஜோ

*

மேல்வீடு, சின்ன காஞ்சிபுரம்
4.12.2024

ஜோதிகா,

உன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமா பக்கத்தில் தூங்குகிறார். நாங்கள் நன்றாக இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், கமல் தம்பி கம்பெனியிலேயே மாட்டிக்கொண்டதால் உனக்குச் சரியாகச் செய்தி வந்திருக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே குழியில் தண்ணீர் ஊற ஆரம்பித்துவிட்டது. உன் மூத்தார் பாவு நூலைச் சுற்றிப் பரண்மேல் ஏற்றுவதிலேயே இருந்தார். சாவியைப் பற்றிச் சொன்னால், "எங்கப்பா கட்டுன வூட்ல ஏற அவகிட்ட போய் சாவி வாங்கணுமா" என்று எகிறினார். என்னால் பதிலுக்குக் கத்த முடியாது. குடையை எடுத்துக்கொண்டு நானே போய் வாங்கிவந்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். சனிக்கிழமை காலையில் தெருத் தண்ணீர் வாசல்படி ஏறிய பிறகுதான் வீம்பு அடங்கியது. அன்னம்மாள் வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு, நாற்காலியோடு மாமாவைத் தூக்க ஏற்பாடு செய்தார்.

வழி சரிபண்ண நான் முன்னால் ஏறிவந்து கதவைத் திறந்தேன். செருப்போடு நடக்கச் சொல்லியிருந்தாய். பூட்டிக் கிடந்த வீடு, பூச்சி பொட்டு இருக்கும் என்பதற்காகச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

ஜன்னலைத் திறந்தேன். கூடத்தில் டிவிக்கு முன்னால் இரண்டு டைல்ஸ் நொறுங்கிக் கிடந்தன. அங்கே நின்றுகொண்டு யோசித்தேன், கீழே அந்த இடத்தில்தான் மாமாவின் கட்டில். சமையலறைக்குப் போனேன். அங்கே ஒரு டைல்ஸ் நடுவில் குழி விழுந்து விரிந்திருந்தது. அதற்கு நேர் கீழே என் அடுப்படி. பிறகு இந்த அறைக்கு வந்தேன். இது தறி வீட்டுக்கு மேலே இருக்கிறது. இங்கே கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டிருந்தாய். நடுவில் டைல்ஸ் என்று ஒன்றும் மீதி இல்லை. எல்லாம் பொடியாகி அடியில் இருக்கிற சிமெண்ட் தெரிகிறது. பக்கத்தில் அம்மிக் குழவி, முனை உடைந்து கிடந்தது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சில்லு குத்தியது, எழுந்திருக்கவில்லை.

இந்த டைல்ஸைப் போட்டபோது நீ தெருவையே கூப்பிட்டுக் காட்டினாய். ஒரு ஸ்பூன் விழுந்தால்கூடக் குனிந்து தடவிப் பார்ப்பாய். ஆடி மாசம் ஆத்திரத்தில் தட்டும்போதுகூட நாற்காலிக் காலுக்கு அடியில் துணி சுற்றியிருந்தாய் என்று பிற்பாடு கேள்விப்பட்டுச் சிரித்தவள் நான். கோபத்தில் இடிக்கிறவள் நின்ற இடத்திலேயே நின்று இடிப்பாள். நீ எங்களைத் தேடியிருக்கிறாய். கூடத்தில் இருக்கிறோமா, அடுப்படியில் இருக்கிறோமா என்று ஒவ்வொரு அறையாகத் தேடிக்கொண்டு போயிருக்கிறாய். இங்கே வந்து, எங்கள் தலைக்கு நேர் மேலே நின்று, குழவி உடைகிற வரைக்கும் கூப்பிட்டிருக்கிறாய்.

இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் என்ன? நிரூபிக்க மாட்டேன் என்று எழுதினாய், செய்தும் காட்டினாய். அழுத்தக்காரி.

உன் மூத்தார் மாமாவைக் கொண்டுவந்து கட்டிலில் விட்டதும் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மூன்று இடத்தையும் காட்டினேன். விளக்குமாற்றை எடுத்து அவரே பெருக்கினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் விளக்குமாற்றைத் தொட்டு நான் பார்த்ததில்லை. மாமாவிடம் நான் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன், அன்றைக்கு மேலே கையைக் காட்டினீர்களே, எதற்கு என்று. அவர் குழாயை ஒதுக்கிவிட்டு, "மேல போலாம்னுதாம்மா காட்னேன். நீதான் வாய மூடச் சொல்லிட்ட" என்றார். அவருக்கு என்மேல் கோபம்கூட இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்றுத் தண்ணீர் வடிந்தது. அன்னம்மாள் கடையில் மாவு வாங்க நாலைந்து பேர் நின்றார்கள். யாரோ பழைய கதையை எடுத்திருக்கிறார்கள். உன் மூத்தார் பால் வாங்கப் போனவர் நின்று, "என் தம்பி பொண்டாட்டி எங்கள மேல கூப்ட்டா. எங்க வூட்லதான் யாருக்கும் காது கேக்கல" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அன்னம்மாள் ஓடிவந்து சொன்னாள். எனக்குக்கூட அவர் இதைச் சொல்லவில்லை.

ஒரகடத்துக்குப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். நான் தடுக்கவில்லை. போவதென்றாலும் அந்தப் பேரோடு போக வேண்டாம். பொன்னி கேட்டால் என்ன சொல்வது என்று எழுதியிருந்தாயே, அவள் என்னிடம் கேட்கட்டும். அம்மா கூப்பிட்டாள், பெரியம்மாதான் வரவில்லை என்று நானே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ பிடித்து அங்கே வருகிறேன். உங்கள் அம்மாவிடமும் எனக்கு ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. ஆடி மாசத்திலிருந்து நீ எனக்குச் சொல்ல நினைத்ததெல்லாம் எடுத்து வை. என்னால் குறுக்கே பேச முடியாது, நீ முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்து கேட்கிறேன்.

உன் அக்கா
பெரியநாயகி